பூஜைக்கு வைத்த சர்வர்

ஓய்,

நேற்று திருவனந்தபுரம் வலியசாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் உம் ஞாபகம் மூக்கு வழியாக ஏறியது. சூடான தகரத்தில் காய்ந்துபோன சந்தனத்தின் வாசனை. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் அப்பியதைக் கடைக்காரர் துடைக்கவே இல்லை. பெட்டி உள்ளே கொதிக்கக் கொதிக்கச் சந்தனம் வெடித்து, லேசாகக் கருகி மணத்துக்கொண்டிருந்தது. கோயிலில் யாரோ இஸ்திரி போடுகிற மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனையை நான் மோந்த இன்னொரு இடம் நம் ஆபீஸ்தான்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். விசைப்பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் சார். என்னமோ அப்டேட்டாம், மூணு நாளா ஏற மாட்டேங்கு. நெட்டு இருக்கு, எடம் இருக்கு, எல்லாம் இருக்கு. என்ன எழவுன்னே வெளங்கல."

"பூஜைக்கு வச்சத எடுத்தீரா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் விஜயதசமி அன்னைக்கே எடுத்தாச்சே சார்."

எடுத்தாச்சு. அந்தச் சொல்லைக் கேட்டதும் நகல் எடுக்கப் போனவன் எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன். ஆதார் அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. திரும்பப் போய் வாங்கவேண்டும். வெட்கமாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்.

நீர் போய் ஏழு மாதம் ஆகிறது. ஊரில் யார் செத்தாலும் அரைப்பக்கம் எழுதி, நடுவில் இரண்டு சிரிப்பையும் சொருகிக் கொடுக்கிற ஆசாமி நான். பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட எழுதியிருக்கிறேன். உமக்கு மட்டும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். துக்கத்தால் கை ஓடவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மனிதர்கள் எவ்வளவு நல்லவர்கள் பாரும்.

இரண்டாயிரத்துச் சொச்சம். கரமனை ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நம் கம்பெனி. கம்பெனி என்று நாம்தான் சொல்லிக்கொண்டோம். கீழே பட்டுச்சேலை எடுக்க வந்தவர்கள் நம்மைத் தையல் பிரிவு என்றுதான் நினைத்தார்கள். பதினொரு பேர். முதலாளி வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து முதலில் கோழிப்பண்ணை வைத்தவர். கோழிகளுக்குச் சீக்கு வந்ததும் மென்பொருளுக்கு மாறினார். ஆனால் பண்ணைப் பழக்கம் போகவில்லை. காலையில் வந்ததும் ஒவ்வொரு மேஜையாக நின்று நம்மை எண்ணுவார். ஜாதகம், ராகுகாலம், பூஜை எல்லாவற்றிலும் அவருக்கு அபார நம்பிக்கை. புதிய சுட்டி வாங்கினால்கூட வடக்குப் பார்த்துத்தான் பிரிப்பார்.

கரமனை அக்ரஹாரத்திலிருந்து பத்து நிமிடம் நடந்து வருகிற நீர். நாகர்கோவிலிலிருந்து பிழைக்க வந்து குட்டிச்சுவராய்ப் போன நான். சர்வர் உம் பொறுப்பு. உமக்குத் துணை என்ற பெயரில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கதை அளப்பது என் பொறுப்பு. அந்த ஒற்றை லினக்ஸ் பெட்டியில்தான் கம்பெனியின் மானமே ஓடியது. அதில் பெரிய வாடிக்கையாளர் ஒரு கல்யாண மாலை இணையதளம். திருவனந்தபுரம் ஜில்லாவில் பாதிப் பெண்களின் படமும் நட்சத்திரமும் அதற்குள் இருந்தன.

இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குள் சின்னச் சின்ன மென்பொருள் பொதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவன் அதில் ஓட்டை கண்டுபிடிப்பான். இன்னொருவன் ஓட்டையை அடைத்துப் புதிய பொதி அனுப்புவான். நாம் வாரம் ஒருமுறை அந்தப் புதியதை இறக்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றாவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும். முதலாமவனைப் போல் கெட்டிக்காரனும் அவனை விடக் கெட்டவனுமான ஒருவன் என்றைக்காவது உள்ளே வருவான். அவ்வளவுதான் சங்கதி.

நீர் அந்த வேலையைச் செய்கிற அழகு ஊருக்கே தெரியும். ஊர் என்றால் பதினொரு பேர். கட்டளையைத் தட்டியதும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வீர். அதை ஒருமுறை முணுமுணுவென்று படிப்பீர். பிறகு ஒற்றை விரலால் எண்டர். "தட்டிட்டா பின்ன நம்ம கையில இல்ல ஓய்" என்பீர். இன்னொன்றும் சொல்வீர்: "நான் பாத்தது பாதி, நீர் பாத்துச் சொன்னது பாதி. ரெண்டும் சேர்ந்தாக்கும் இந்த மிஷின் ஓடறது." இரண்டாவதைக் கேட்டு அன்று நான் பூரித்துப்போனேன். இன்று அதை யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இந்த ஊர்ப் பூஜைவைப்பு உமக்குத் தெரியாததா? அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் கருவிகளையும் சரஸ்வதி முன்னால் வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை முடிந்து எடுக்கிறவரை யாரும் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட இன்பமான சாஸ்திரம் கிடையாது. எனக்கும்தான். அந்த வருடம் முதலாளி எல்லாருடைய கம்ப்யூட்டரையும் அணைத்துப் பூ வைத்தார். பிறகு சர்வர் அறைக்கு வந்து நின்றார்.

"இதும் பூஜைக்கு வெக்கணும்."

"ஆஃப் செய்யான் பற்றில்ல சாரே," என்றீர் நீர், அணைக்க முடியாது என்று. "கல்யாண சைட்டு மூணு நாளும் நின்னுபோகும்."

"ஆயுதமாணல்லோ? பூஜைக்கு வெச்சா தொடான் பாடில்ல." தொடக்கூடாது என்றால் தொடக்கூடாது. அவர் முகத்தில் பழைய கோழிச்சீக்கின் பயம் தெரிந்தது.

நீர் தலையைச் சொறிந்தீர். நான் வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையில் நடந்த கெடுதலெல்லாம் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

"சார், அணைக்கவே வேண்டாம். உள்ள இருக்கிற பொதி எல்லாத்துக்கும் 'ஹோல்டு' போட்டுருவோம். மிஷின் பாட்டுக்கு ஓடும். ஆனா யாரும் அதுல ஒரு பொதியக்கூட மாத்த முடியாது. தொட்டாலும் தொட்ட மாதிரி ஆகாது."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அது கொள்ளாமல்லோ!" என்றார். பிரமாதம் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

நீர் என் முழங்கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனீர்.

"நீர் விளையாடறதுக்கு இதாக்கும் கெடச்சுதா? ஹோல்டு போட்டா எடுக்கணும் ஓய். எடுக்கலேன்னா ஓர் அப்டேட்டும் ஏறாது."

"மூணு நாள்தானவே."

"போடறது நீரானா எடுக்கறதும் நீர்தான். நான் தொட மாட்டேன். மனசிலாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

நான் உட்கார்ந்து ஒற்றை வரி தட்டினேன். கையை எடுத்து மடியில் வைக்கவில்லை, படிக்கவும் இல்லை. பெட்டியில் இருந்த அத்தனை பொதிகளும் ஒரே அடியில் சமாதியில் உட்கார்ந்துவிட்டன. எல்லாரும் கைதட்டினார்கள். நீரும் சிரித்தீர், அதை மறுக்கவேண்டாம். நீரே குழைத்த சந்தனத்தைத்தான் பெட்டியின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தீர்.

விஜயதசமி அன்று என் மகளுக்கு எழுத்தினிருத்து. மூன்று வயது முடிந்திருந்தது. கோயிலில் மடியில் உட்காரவைத்துப் பச்சரிசியில் விரல் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்கிறார் ஒருவர். என் மகள் அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். எனக்குச் சொல்லிமாளாத சந்தோஷம். ஒரு மாதத்துக்குத் தாங்கும் கதை அது. பதினொரு மணிக்கு ஆபீஸ் வந்து, அவலும் சர்க்கரையும் தின்றுகொண்டே ஒவ்வொரு மேஜையாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். நான்காவது மேஜையில் நீர் குறுக்கிட்டீர்.

"அது இருக்கட்டும். எடுத்தாச்சா ஓய்?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

எடுக்கவில்லை. இதோ இந்தக் கதையை முடித்ததும் போய் எடுப்போம் என்பதுதான் என் எண்ணம். பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. இரண்டு நிமிடத்தில் உண்மையாகிவிடப் போகிறதுதானே? ஐந்தாவது மேஜையில் கதையைத் திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள்.

மறுநாளே முதலாளி உம்மைக் கொச்சிக்கு அனுப்பினார். அங்கே ஒரு வாடிக்கையாளரிடம் மூன்று மாதம். "திங்கள்கிழமை தோறும் அப்டேட் பாரும். திரையில என்ன வரதுன்னு படியும். வெறுமே தட்டிட்டு எழுந்துபோகாதேயும்" என்று படியில் நின்று சொல்லிவிட்டுப் போனீர். நானும் திங்கள்கிழமை தோறும் தட்டினேன். புதுப்பித்தவை பூஜ்யம் என்று வரும். அதே வரியின் கடைசியில் புதுப்பிக்காதவை எத்தனை என்றும் இருக்கும். அதுவரை படிக்க எனக்குப் பொறுமை இல்லை. பூஜ்யம் என்றால் குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

தை பிறந்து நீர் திரும்பி வந்த வாரம். வெள்ளிக்கிழமை காலை. அந்தக் கல்யாண மாலைத் தளம் ஓடுகிற பொதி ஒன்றில் பெரிய ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள், அதன் வழியாக ஊர் ஊராக உள்ளே புகுந்துகொண்டிருக்கிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வியர்க்க வியர்க்க வந்தீர். சட்டையில் விபூதி உதிர்ந்திருந்தது. உட்கார்ந்து கட்டளையைத் தட்டினீர், படித்தீர், எண்டர் அடித்தீர். ஏறவில்லை. அந்தப் பொதி மட்டுமல்ல, எதுவுமே ஏறவில்லை. அப்படியே நிறுத்திவைக்கப்பட்டுள்ளன என்று ஒரு நீளப் பட்டியல் மட்டும் வந்தது.

"மூணு மாசமா என்ன ஓய் பண்ணிண்டிருந்தீர்?"

"திங்கள்கெழம தவறாம தட்டினேன்வே."

"தட்டினீரா, தாளம் போட்டீரா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீர் அதோடு விட்டிருக்கலாம். "உம்மகிட்ட சொன்னதுக்குக் கீழ ஜவுளிக்கடையில நிக்கற பொம்மைகிட்டச் சொல்லிருக்கலாம். அது கத சொல்லாது" என்றீர். சிரிப்பு மாடிப்படிவரை போயிற்று. பயத்தில் சொன்னீர் என்று இப்போது தெரிகிறது. ஆனால் ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவனைப் பார்த்து ஊர் சிரித்தால் அவனுக்குப் பொறுக்காது. நாங்கள் ரொம்ப அற்பமான ஜாதி.

அப்புறம் நீர் தேடத் தொடங்கினீர். புதிய பொதிகள் எந்த முகவரியிலிருந்து வருகின்றன என்ற பட்டியலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தீர், சரியாக இருந்தது. வேறொரு நாட்டு முகவரியை மாற்றிப் போட்டுப் பார்த்தீர், அதே கதை. ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்தீர், இருந்தது. வேறு ஏதாவது நிரல் பாதியில் செத்துப் பூட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறதா என்று பார்த்தீர், இல்லை. கடிகாரம் தப்பாக ஓடுகிறதா என்றுகூடப் பார்த்துவிட்டு, உம் கைக்கடிகாரத்தையும் சரி பார்த்துக்கொண்டீர். ஒரு பொதி இன்னொன்றை நம்பியிருக்கும், அது மூன்றாவதை நம்பியிருக்கும். அந்தச் சங்கிலியில் எங்கே சிக்கல் என்று காகிதத்தில் மரம் மரமாக வரைந்தீர். பார்க்கவேண்டிய இடமெல்லாம் பார்த்தீர். ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்க்கவில்லை. ஹோல்டு போட்டிருக்கிறதா என்று பார்க்க ஒற்றை வரி போதும், பத்து விநாடி ஆகும். அந்தப் பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். உமக்கும் தோன்றியிருக்கும். பார்க்கவேண்டாம் என்று விட்டிருப்பீர். எடுத்தாச்சு என்று நான் சொல்லியிருந்தேனே.

எனக்கு மத்தியானம் ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக் கடையில் பப்படத்தை நொறுக்கியபோது எங்கிருந்தோ விஜயதசமி வந்தது, அவலும் சர்க்கரையும் வந்தன, அதன் பின்னாலேயே நான் சொன்ன 'எடுத்தாச்சு' வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தது. சோறு இறங்கவில்லை. அப்படி எழுதினால் நன்றாயிருக்கும். உண்மையில் மோர் வரை சாப்பிட்டேன்.

படியேறி வரும்போது உம்மிடம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். கதவைத் திறந்தால் அந்த ஜவுளிக்கடை பொம்மை வாசகத்தை யாரோ யாரிடமோ திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரி, இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று உட்கார்ந்தேன். அதற்குள் என் மண்டையில் ஒரு நாடகம் தயாராகிவிட்டது. திங்கள்கிழமை காலை எல்லாரையும் சர்வர் அறைக்குக் கூப்பிடவேண்டும். முதலாளியும் இருக்கவேண்டும். நான் பெட்டியைச் சுற்றி ஒரு கற்பூரம் காட்டி, "பூஜை எடுப்பு!" என்று கூவி ஒற்றை வரி தட்டவேண்டும். பொதிகள் குபுகுபுவென்று இறங்கவேண்டும். நீர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவேண்டும். அந்தக் காட்சியில் நான் சொல்லவேண்டிய வசனத்தைக்கூட மேஜையடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று இடத்தில் கைதட்டல் விழும் என்று கணக்கு.

நாலு மணிக்கு நீர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தீர். கண் சிவந்திருந்தது.

"ஓய், உள்ளதச் சொல்லும். நீர் இதுல எதையாவது தொட்டீரா?"

"நான் எதையும் தொடலவே."

"சத்தியமா?"

"என்னவே, பிள்ளைமேல சத்தியம் பண்ணச் சொல்லுவீரோ?"

"சே, அதெல்லாம் வேண்டாம். நீர் சொன்னா சரி." காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு எழுந்தீர். உம் மாமனார் ரயிலில் வருகிறார், தம்பானூருக்குப் போய்க் கூட்டிவரவேண்டும். "திங்கள்கெழம வேற மிஷின்ல மொத்தமா புதுசா ஏத்திடலாம். ரெண்டு நாள்தானே, பகவான் பாத்துப்பார்" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனீர்.

நீர் போன பிறகு அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். பத்து விநாடி வேலை. உட்கார்ந்து எடுத்திருக்கலாம். எடுத்துவிட்டால் திங்கள்கிழமை நாடகம் போய்விடுமே? விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் புகுந்துவிட்டான். தளத்தைத் திறந்தால் மணப்பெண் படங்கள் இருந்த இடத்தில் கறுப்புத் திரை; நடுவில் ஒரு மண்டையோடு, கீழே ஆங்கிலத்தில் நாலு கெட்ட வார்த்தை. பெண்களின் படங்களையும் அள்ளிக்கொண்டு போயிருந்தான். எத்தனை வீட்டில் எத்தனை அப்பாக்கள் அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்களோ தெரியாது. முதலாளியின் போன் இரண்டு நாள் கீழே வைக்கப்படவே இல்லை. அந்த வாடிக்கையாளர் அன்றே கைகழுவிவிட்டார்.

திங்கள்கிழமை காலை நான் வந்தபோது நீர் எனக்கு முன்னால் வந்திருந்தீர். திரையில் அந்த ஒற்றை வரியைத் தட்டியிருந்தீர். பொதியின் பெயர், பக்கத்தில் ஹோல்டு. பொதியின் பெயர், பக்கத்தில் ஹோல்டு. மேலிருந்து கீழ்வரை அதே. நீர் திரும்பிப் பார்த்தீர். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "எடுத்தாச்சுன்னீரே ஓய்," என்றீர், அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. எழுதிக் கொடுத்த விடை தப்பு என்று தெரிந்த பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

முதலாளி அறையில் எல்லாரும் நின்றோம்.

"பூஜைக்கு வெச்சது எடுத்தில்ல. ஆருடெ சார்ஜ் ஆணு?"

யார் பொறுப்பு? நீர் என் பக்கம் பார்த்தீர். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். நான் சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய நட்சத்திரம் என்ன என்று படித்துக்கொண்டிருந்தேன். பூரட்டாதி. இன்றுவரை மறக்கவில்லை. பேச்சுக்குப் பேச்சு எதிர்ப்பேச்சு வைத்திருக்கிற வாய், அன்று வெற்றிலை குதப்பிய வாய்போல மூடியே இருந்தது. காரணம் சொல்கிறேன்: வாடகை வீடு, சின்னக் குழந்தை, வேறு வேலை கிடைக்கிற வயது தாண்டிவிட்டது. உமக்கும் அதே வயது, அதே வாடகை என்பதை நான் மறந்துவிடவில்லை. அது தெரிந்துதான் காலண்டரைப் படித்தேன்.

"எனிக்காணு சாரே," என்றீர் நீர். என் பொறுப்புதான் சார்.

நாலு நாளில் உம் மேஜை காலியாயிற்று. நான் ஹோல்டு போட்டதை முதலாளி மறந்துவிட்டார். மறந்ததை ஞாபகப்படுத்துகிற பழக்கம் எனக்கும் இல்லை. தோஷம் நீங்க ஒரு கணபதி ஹோமம் செய்தார். சுள்ளி எடுத்துக் கொடுத்தவன் நான். அடுத்த மாதம் உம் நாற்காலியில் உட்கார்ந்தவனும் நான். அதில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தேன். பெட்டி எனக்குப் பயந்து நன்றாகவே ஓடியது.

நீர் வலியசாலையில் ஒரு டியூட்டோரியலில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கப் போனீர். ஒரு சர்வரின் மூச்சைக் கேட்டே அதன் நோயைச் சொல்கிற மனுஷன், ஆறு வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இடதுகை சுண்டுவிரல் எங்கே வைக்கவேண்டும் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தீர். பேருந்தில் பார்த்தால் "மோள் எப்படி இருக்கா? இன்னும் கடிக்கறாளா?" என்பீர். அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு தடவையாவது என் சட்டையைப் பிடித்திருக்கக்கூடாதா ஓய்? உம்மீது எனக்கு இருக்கிற ஆத்திரமெல்லாம் அதுதான். மன்னித்துவிட்டேன் என்றாவது சொல்லித் தொலைத்திருந்தால் நானும் சண்டைபோட்டிருப்பேன். நீர் என் மகளை விசாரித்தீர்.

பங்குனியில் செய்தி வந்தது. பத்தாம் நாள் உம் வீட்டுக்குப் போனேன். உம் சம்சாரம், மாமி, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தார்கள்.

"உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல, கேட்டேளா," என்றார்கள். "அன்னிக்கு அந்த மொதலாளி ரூம்ல எல்லாரும் வாயப் பொத்திண்டு நின்னாளாம். நீங்க ஒருத்தர்தான் 'இவர்மேல தப்பில்ல சார்'னு எதுத்துச் சொன்னேளாம். வேலை போனது போகட்டும், எனக்காகப் பேச ஒருத்தன் இருந்தானே, அது போறும்னு சொல்லுவார். அத வெச்சிண்டுதான் இத்தன வருஷம் தல நிமுந்து நடந்தார்."

காப்பி சுட்டது. குடித்தேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்? ஒருத்தரும் எனக்காக நிற்கவில்லை என்று வீட்டில் வந்து சொல்ல வாய் வரவில்லையா? அல்லது என்றைக்காவது நான் உம் வீட்டுப் படியேறுவேன், அன்று வாங்கிக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டுப் போனீரா? நீர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முதலாவதாகத்தான் இருக்கும். முதலாவதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மோசமாக இருக்கிறது.

மாமியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் தடவை வாயை மூடியது வேலைக்காக. இந்தத் தடவை வேலையும் இல்லை, முதலாளியும் இல்லை. மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். என்னை யோக்கியன் என்று நம்புகிற ஓர் ஆத்மா இந்த ஊரில் மிச்சம் இருந்தது, அதையும் இழக்க மனசு வரவில்லை. அவ்வளவு கேவலமான காரணம்தான். விஷுவுக்கு மாமி போன் செய்தார்கள். ஓணத்துக்குச் செய்தார்கள். "தீபாவளி மலர்ல நீங்க தமாஷா எழுதுவேளே, இந்தத் தடவை அவரப் பத்தி எழுதுங்கோ. நான் எடுத்து வெச்சுப்பேன்" என்றார்கள்.

எழுதிவிட்டேன் ஓய். இதை நாளைக் காலை மலருக்கு அனுப்புகிறேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பார்கள். தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து போன் வராமல் இருந்தால், அது நியாயம், நான் தாங்கிக்கொள்வேன். வந்துவிட்டால், எடுத்து என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.